பத்தொன்பது சாக்பீஸ்

ஒரு நடைக்கு டீசல் ஒன்றுதான். அறுபது பெட்டி ஏற்றினாலும் இருநூறு பெட்டி ஏற்றினாலும் என் லோடு ஆட்டோ அதே அளவுதான் குடிக்கும். இதை வாத்தியாரிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். "பாதி வண்டி காலியா போகுதுய்யா, மனசு கேக்கல" என்பேன். "காத்தை ஏத்திக்கிட்டுப் போ, அதுக்குத் தனியா வாடகை கேக்காதே" என்பார். அப்படி ஒரு வாய் அவருக்கு.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. மனிதர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். வீட்டில் சாக்பீஸ் செய்கிறவர். புருவம், மீசை, காது மடல் எல்லாம் சாக்பீஸ் மாவு படிந்து எந்நேரமும் வெள்ளையாக இருப்பதால் தெருவே அப்படிக் கூப்பிட்டது. அவர் மனைவி எனக்குத் தங்கச்சி முறை. ரத்த சொந்தமெல்லாம் இல்லை, பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டு டீயைக் குடித்த சொந்தம். மூன்றாவது ஆள் வாத்தியாரின் அக்கா. எல்லாருக்கும் அவர் பெரியக்கா.

முன் அறையில் பெட்டி அடுக்குவார்கள், பின் அறையில் அச்சு ஊற்றுவார்கள், மொட்டை மாடியில் காயவைப்பார்கள். மிச்சமிருக்கிற இடத்தில் குடித்தனம். சோற்றுப் பானை மூடியில்கூட வெள்ளைத் தூசி இருக்கும். மாவு என்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் ஏழு நிமிஷத்தில் இறுகிவிடும். அதற்குள் எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றி, மேலே வழிவதைத் தகட்டால் வழித்துவிட வேண்டும். அதனால் ஒரு சட்டிக்கு இரண்டு அச்சுக்கான மாவுதான் கலப்பார்கள். தங்கச்சி கலக்குவாள், வாத்தியார் ஊற்றுவார். ஓர் அச்சுக்கு நூறு பீஸ். ஒரு பெட்டிக்கும் நூறு பீஸ். வெயில் நன்றாக அடித்தால் நான்கு நாளில் காயும், ஒரு நாளைக்கு அறுபது பெட்டி தேறும்.

அடுக்குவது பெரியக்கா. அந்தக் கையை நீங்கள் பார்க்க வேண்டும். தட்டில் கையை வைத்து அள்ளினால் பத்து. பதினொன்று வராது, ஒன்பது வராது. பத்து அள்ளு அள்ளினால் ஒரு பெட்டி. நடுவில் விரிசல் விட்ட பீஸ் இருந்தால் உரசும் சத்தத்திலேயே கண்டுபிடித்துத் தூக்கி எறிவார். ஒரு நாள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது என் செல்போனில் நேரம் பார்த்தேன். அந்த வேகத்தில் போனால் ஒரு நாளைக்கு இருநூறு பெட்டி சும்மா தாண்டுவார். ஆனால் வருவதே அறுபதுதானே? பதினொரு மணிக்கு வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அரிசி புடைப்பார், கிழிந்த சாக்கைத் தைப்பார், ஈ ஓட்டுவார்.

அவர் புருஷன் போய்ச் சேர்ந்தபின் கொஞ்ச நாள் மகன் வீட்டில் இருந்தார். அங்கே என்ன நடந்தது என்று முழுசாகச் சொன்னதில்லை. "ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறதுக்கும் யார் முகத்தையாவது பார்த்துட்டுத்தான் குடிப்பேன் தம்பி" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். வாத்தியார் வீட்டுக்கு வந்த முதல் நாளே சொல்லிவிட்டார், தனக்கு நாள் கூலி வேண்டும் என்று. வாத்தியாருக்குக் கோபம். "கூடப் பொறந்தவளுக்குக் கூலி குடுத்தான்னு ஊர் சிரிக்கணுமா?" என்று குதித்தார். பெரியக்கா மசியவில்லை. மாசம் பிறந்தால் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு பங்கைத் தங்கச்சி கையில் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் நடக்கிற நடையே தனி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்கு நடுவில் வந்து நின்றார் ஏஜென்ட். பள்ளிக்கூடங்களுக்குச் சாமான் அனுப்புகிறவர். கெட்டவர் இல்லை. கெட்ட செய்தி கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

"வாத்தியாரே, உங்களுக்குப் பெட்டிக்கு இருபத்திரண்டு குடுத்துக்கிட்டு இருக்கேன். பைபாஸ் பக்கத்துல புதுசா ஃபேக்டரி வந்திருக்கு, தெரியுமில்ல? அவன் பதினாறுக்குத் தரேங்கறான்."

"பதினாறா! எனக்கு அடக்கமே பத்தொன்பது ஆகுதே."

"எனக்குத் தெரியாதா? அதான் நேர்ல வந்து சொல்றேன். அடுத்த மாசம் வரைக்கும் பழைய விலை. அதுக்கப்புறம் பதினாறு. முடிஞ்சா எத்தனை பெட்டி குடுத்தாலும் எடுத்துக்கறேன். முடியலைன்னா என் மேல வருத்தப்படாதீங்க."

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். டீ நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார்.

அன்று முழுக்க வாத்தியார் மாடிக்கும் கீழுக்குமாக நடந்தார். "ஃபேக்டரியில கூப்பிடுறாங்களாம். நாம ரெண்டு பேரும் அங்க போயிடலாம்" என்று தங்கச்சியிடம் சொன்னார். "ரெண்டு பேரா?" என்று கேட்டாள். ஐம்பது வயசுக்கு மேல் அங்கே எடுக்கமாட்டார்கள். பெரியக்காவுக்கு ஐம்பத்தாறு. அவர் முன் அறையில் இருந்தார். சுவர் மெல்லிசு. எல்லாம் காதில் விழுந்திருக்கும். சாயங்காலம் நான் கிளம்பும்போது, "தம்பி, என் மகன் ஊருக்கு இப்ப பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். தெரியாது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுவாரம் வாத்தியாருக்கு யோசனை உதித்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாதுதான். மனிதர் சாலையில் காங்கிரீட் லாரி போவதைப் பார்த்திருக்கிறார். பின்னால் அந்தப் பெரிய டிரம் சுற்றிக்கொண்டே போகுமே, அது.

"எதுக்குச் சுத்துது?" என்று என்னிடம் கேட்டார்.

"உள்ள இருக்கிறது இறுகாம இருக்க."

"அப்ப நம்ம மாவையும் சுத்திக்கிட்டே இருந்தா?"

நான் யோசித்தேன். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கச்சிதான் சொன்னாள், "சட்டியில கொஞ்சம் வேகமா கலக்கினா சீக்கிரம் இறுகுதேங்க, நான் பார்த்திருக்கேனே."

"அது சட்டி. சின்னது. பெருசா செய்யறப்ப கதையே வேற. தடவைக்குத் தடவை கலக்கவேண்டாம், காலையில ஒரு தடவை போட்டா போதும். உன் கை மிச்சம். நீயும் ஊத்தலாம். மூணு பங்கு ஊத்தினா அடக்கம் தானா இறங்கும். ஃபேக்டரிக்காரன் வேற எப்படிச் செய்யறான்னு நினைக்கிறே?"

கட்டட மேஸ்திரியிடமிருந்து கலவை மிஷினை வாடகைக்கு எடுத்தார். என் வண்டியில்தான் வந்தது. பின்வாசலில் நிறுத்தி, நன்றாகக் கழுவி, இரண்டு மூட்டை மாவைக் கொட்டித் தண்ணீர் விட்டுச் சுவிட்சைப் போட்டார். டிரம் ஜம்மென்று சுற்றியது. முதல் சட்டி பிடித்து ஊற்றினார்கள், பால் மாதிரி இறங்கியது. வாத்தியார் என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். இரண்டாவது சட்டி தயிர். மூன்றாவது சட்டி களி. நான்காவதைப் பிடிக்கப் போனபோது டிரம் உள்ளே தொம் தொம் என்று எதையோ தூக்கிப் போட்டு அடித்தது. மோட்டார் முனகியது. பிறகு நின்றுவிட்டது. ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் டிரம்மைத் தொட்டேன், கை சுட்டது. மாவு இறுகும்போது சூடாகும் என்று தெரியும், ஆனால் அவ்வளவு மாவு ஒரே இடத்தில் இறுகி நான் பார்த்ததில்லை.

சிமெண்ட் வேறு, இந்த மாவு வேறு. இதைக் கலக்கக் கலக்கத்தான் அவசரப்படும். தங்கச்சி அதைத்தான் சொன்னாள். இருபது வருஷமாக அந்த மாவிலேயே குளித்த மனுஷன் லாரியைப் பார்த்து ஏமாந்துவிட்டார்.

மேஸ்திரி வந்தார். டிரம்மைச் சுற்றி வந்தார். விரலால் தட்டிப் பார்த்தார். "வாத்தியாரே, ஒரே பீஸா வந்திருக்கே. எந்த போர்டுல எழுதப் போறீங்க?" என்றார். பெரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். வாத்தியார் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு டிரம்முக்குள் தலையை விட்டவர் இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே எடுத்தார். இரண்டு மூட்டை மாவு போச்சு, மிஷின் வாடகை போச்சு, இரண்டு நாள் வேலை போச்சு.

அந்த வாரமே ஃபேக்டரிக்குள் போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அச்சகத்திலிருந்து அவர்களுக்கு அட்டைப்பெட்டி ஏற்றிப் போனேன். இறக்க நேரமானது. சும்மா இருப்பேனா? எட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வாடகையைக்கூட எண்ணாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நேராக வாத்தியார் வீட்டுக்கு வந்தேன்.

அன்று மழை. மாடித் தட்டுகள் எல்லாம் அறைக்குள் அடுக்கியிருந்தார்கள். நடக்கக்கூட இடமில்லை. ஈர மாவு வாடை. மூன்று பேரும் முன் அறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"யோவ் வாத்தியாரே, அங்க டிரம்மும் இல்ல, கிரம்மும் இல்ல. நாற்பது பொம்பளைங்க. ஆளுக்கு ஒரு சட்டி. ரெண்டு ரெண்டு அச்சா கலக்கறாங்க, ஊத்தறாங்க. உங்க வீட்டுப் பின்னறையை நாற்பது தடவை போட்ட மாதிரி இருக்கு."

"நிசமாவா?"

"நிசமாதான். அதுவும் இல்லாம அந்த நாற்பது பேரை மேய்க்க நாலு பேர். அந்த நாலு பேரை மேய்க்க ஒரு ஆள் கண்ணாடி ரூம்ல. அவர் காலையிலிருந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார்."

தங்கச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப கலக்கி ஊத்தறதுல அவன் நம்மளைவிட மலிவு இல்லையே. அந்த அஞ்சு பேர் சம்பளம் வேற இருக்கே. பின்ன எதுல மிச்சம் பிடிக்கிறான்?"

பெரியக்கா தட்டில் கையை வைத்து அள்ளினார். பத்து. மறுபடி அள்ளி ஒன்றைத் திருப்பிப் போட்டார். ஒன்பது. பத்தொன்பது சாக்பீஸையும் அடுக்குப் பலகையில் வரிசையாக வைத்தார். "இதான் நம்ம அடக்கம். பெட்டிக்குப் பத்தொன்பது. பிரிச்சுப் பாப்போம்" என்றார். "மாவுக்கு எவ்வளவு?"

"ஏழு" என்றார் வாத்தியார்.

ஏழு பீஸ் ஒரு பக்கம் போனது. அட்டைப்பெட்டிக்கு மூன்று. கலக்கி ஊற்றுகிற கூலி நான்கு. என் வண்டிக்கு இரண்டு. அந்த இரண்டை அவர் நகர்த்தியபோது எனக்கு என் காதையே பிடித்து நகர்த்திய மாதிரி இருந்தது. மிச்சம் மூன்று பீஸ் பலகை நடுவில் கிடந்தது. அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

பெரியக்காவே அந்த மூன்றையும் எடுத்துத் தட்டில் போட்டார். "இது வேண்டாம். இப்ப எத்தனை? பதினாறு. கணக்கு சரியா வந்திடுச்சில்ல?"

"அக்கா, சும்மா இரு" என்றார் வாத்தியார். ஆனால் அவர் கண் அந்தப் பதினாறின் மேலேயே இருந்தது. நான் பார்த்தேன்.

"சும்மாதானே இருக்கப்போறேன்? நான் அடுக்குறேன், நீங்க சோறு போடுங்க. வீட்டு ஆளுக்கு என்ன கூலி? நீயே சொன்னதுதானே?"

தங்கச்சி தட்டில் கையை விட்டு அந்த மூன்று பீஸையும் எடுத்துத் திரும்பப் பலகையில் வைத்தாள். அழுத்தி வைத்ததில் ஒன்று உடைந்துவிட்டது. "அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. கூலி வாங்காம நீங்க இங்க இருந்தா ரெண்டே மாசம். மூணாவது மாசம் தண்ணி குடிக்க என் முகத்தைப் பாப்பீங்க. நானும் நல்லவதான், ஆனா எனக்கும் ஒரு நாள் தலைவலி வரும், மூஞ்சியைக் காட்டுவேன். நீங்க பையை எடுத்துடுவீங்க. எனக்குத் தெரியும். அது மட்டும் வேண்டாம்."

பெரியக்காவுக்குக் கண் கலங்கியது. துடைக்கவும் இல்லை.

பிறகு தங்கச்சியே ஆரம்பித்தாள். "இந்த மூணு ஏன் மூணு? அண்ணி ஒரு நாள் கூலிக்கு அறுபது பெட்டிதான் அடுக்கறாங்க. அடுக்க முடியாமயா? வரலை. நூத்தி எண்பது வந்தா இந்த மூணு ஒண்ணாயிடும்."

"நூத்தி எண்பதுக்கு நான் எங்க போவேன்? மறுபடியும் டிரம்மா?" என்றார் வாத்தியார்.

"ஐயோ, அதை விடுங்க. மேல்தெருவுல ஒரு வீடு அறுபது ஊத்தறாங்க. ரயில் பாதை ஓரத்துல ஒரு வீடு அறுபது. அவங்களுக்கும் ஏஜென்ட் இதையேதான் சொல்லியிருப்பார். அவங்கவங்க வீட்ல அவங்கவங்க ஊத்தட்டும், அதை யாராலயும் பெருசாக்க முடியாது, ஃபேக்டரிக்காரனாலயே முடியல. மாவை மூணு வீட்டுக்கும் சேர்த்து லாரியில இறக்குவோம். அட்டைப்பெட்டியை அச்சகத்துல ஒரே தடவையா அடிப்போம். காய்ஞ்ச தட்டையெல்லாம் அண்ணே வண்டியில இங்க கொண்டு வரட்டும். அண்ணி அடுக்கட்டும். ஒரே லோடா போகட்டும்."

வாத்தியார் பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஏழிலிருந்து ஒன்றை எடுத்தார், ஆறு. அட்டைப்பெட்டிக்கான மூன்றில் ஒன்றைப் பாதியாக உடைத்து எடுத்தார், இரண்டரை. பெரியக்காவின் மூன்றில் இரண்டை எடுத்தார். என் இரண்டில் ஒன்றை எடுத்தார். "ரெண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சுத்தணும்யா, எனக்கு என்ன மிஞ்சும்?" என்று கத்தினேன். "இனிமே காத்து ஏத்தவேண்டாமில்ல?" என்றார். ஊற்றுகிற நான்கில் கை வைக்கவில்லை. எண்ணினார். பதினாலரை.

"பதினாறுல ஒன்றரை நிக்குது" என்றார், அது தன் குரல்தானா என்று சந்தேகப்பட்டவர் போல.

ரயில் பாதை வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தாங்களே அடுக்குகிறவர்கள், அவர்களுக்கு வேலை குறைந்தால் சந்தோஷம். மேல்தெரு வீட்டில் அடுக்க ஒரு கூலி அம்மா உண்டு. தடிக் கண்ணாடி போட்டவர். நான் அந்த வீட்டுக்கும் போய் வருகிறவன்தான், தினமும் பார்க்கிறவன்தான். ஆனால் அன்று எங்கள் நான்கு பேரில் ஒருத்தருக்கும் அந்த அம்மா ஞாபகம் வரவில்லை.

மாசக் கடைசியில் எல்லாம் கூடி வந்தது. மேல்தெருக்காரர் முதலில் முரண்டு பிடித்தார், பிறகு லாரி மாவின் விலையைக் கேட்டதும் வழிக்கு வந்தார். பெட்டி அடித்தாயிற்று. ஏஜென்ட் சரி என்றார். மழையும் விட்டது. முதல் நாள் மற்ற இரண்டு வீட்டுத் தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு வந்து முன் அறையில் இறக்கினேன். பெரியக்கா தலைக்குக் குளித்து, புதுசாகத் துவைத்த சேலை கட்டி, பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஆபீஸில் சேர்கிறவர் மாதிரி.

முதல் தட்டை எடுத்தபோது வாசலில் நிழல் விழுந்தது. கண்ணாடிக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"சண்டைக்கு வரல" என்றார். "எட்டு வருஷமா இந்தத் தட்டை நான்தான் அடுக்கினேன். இன்னிக்குக் காலையில வழக்கம்போல போனேன், வேண்டாம்னுட்டாங்க. வேற எங்க போறதுன்னு தெரியல. இதை யாரு அடுக்குறான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வீட்ல யாரு இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டார் பெரியக்கா.

"மகள் வீட்ல இருக்கேன்."

பெரியக்கா கையிலிருந்த பீஸைத் தட்டில் வைத்தார். தம்பியைக் கூப்பிட்டார். வாத்தியார் பின்னறையிலிருந்து மாவுக் கையோடு வந்தார்.

"டேய், எனக்கு வயசாச்சு. நூத்தி எண்பதெல்லாம் என்னால ஆகாது. என் கை நூறைத் தாண்டாது. இன்னொரு ஆள் வேணும்."

பச்சைப் பொய். எனக்குத் தெரியும், செல்போனில் பார்த்தவன் நான். தங்கச்சிக்கும் தெரியும். பின்னறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் மாடிப்படிக்கு அடியிலிருந்து இன்னொரு பலகையை இழுத்து வந்து, தூசி தட்டி, பெரியக்காவின் பலகைக்குப் பக்கத்தில் போட்டாள்.

வாத்தியார் விரலை மடக்கி எண்ணினார். "அக்கா, ரெண்டு கூலின்னா அந்த ஒண்ணு ரெண்டாயிடும். பதினஞ்சரை. பெட்டிக்கு அரைதான் நிக்கும்."

"டிரம்முல ரெண்டு மூட்டையைக் கல்லாக்கினியே, அன்னிக்குப் பெட்டிக்கு எவ்வளவு நின்னுச்சு?"

வாத்தியார் உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் கூலியில் மட்டும் இனிமேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிவைத்தேன்.

கண்ணாடிக்கார அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு அள்ளினால் பத்து வராது. ஒவ்வொன்றாக, உதட்டை அசைத்து எண்ணித்தான் வைப்பார். பெரியக்கா ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

சாயங்காலம் லோடு ஏற்ற வந்தேன். இரண்டு பலகைக்கும் பின்னால் பெட்டிகளைத் தனித்தனியாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஏற்றும்போது எண்ணினேன். கண்ணாடிக்கார அம்மா பக்கம் தொண்ணூறு. பெரியக்கா பக்கமும் தொண்ணூறு.